உடற்கல்வி நேரத்தை எங்களுக்குத் தராதீர்கள்

எஸ்பிஎம் தேர்வு நெருங்கினால், பல இடைநிலைப்பள்ளிகளில் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கும். கால அட்டவணையில் உடற்கல்வி என்றிருக்கும். வகுப்பில் கணிதமோ அறிவியலோ நடந்துகொண்டிருக்கும். திடல் காலியாகக் கிடக்கும். பெற்றோரிலும் பலர் இதை வரவேற்கிறார்கள். ஓர் அறிவியல் ஆசிரியராக நான் இதை எதிர்க்கிறேன். அந்த நேரம் எங்கள் பாடத்துக்கு வேண்டாம். காரணங்களும் அறிவியலில்தான் இருக்கின்றன.

முதலில் தசை. உடல் உழைக்கும்போது சுருங்கி விரியும் தசைகள், இன்சுலினின் உதவியை எதிர்பார்க்காமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவருக்கு இந்த வழி திறப்பதே இல்லை. மலேசியாவில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் காட்டிவருகின்றன. நம் வீடுகளில் மாத்திரை டப்பா இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது எலும்பு. ஓடும்போதும் குதிக்கும்போதும் விழும் அழுத்தத்தை உணர்ந்துதான் எலும்பு தன்னை உறுதியாக்கிக்கொள்கிறது. வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பு நிறையில் பெரும்பங்கு ஏறத்தாழ 20 வயதுக்குள் சேர்ந்துவிடும். படிவம் 5 மாணவருக்கு வயது 17. தேர்வு முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அதிக அவகாசம் இல்லை.

மூன்றாவது, நீங்கள் கவலைப்படும் மதிப்பெண். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹில்மன் குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்த பிறகு, சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிடக் கவனச் சோதனையிலும் வாசித்துப் புரிந்துகொள்ளும் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால், நடப்பதால் படிப்பு கெடும் என்ற பயத்துக்கு அது இடம் தரவில்லை.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை என்று 2019-இல் வெளியான அதன் உலகளாவிய ஆய்வு கூறியது.

வாரத்தில் ஓரிரு உடற்கல்வி வகுப்புகளால் இந்தக் குறையை நிரப்ப முடியாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால், பள்ளி முடிந்தால் டியூஷன், அது முடிந்தால் அடுக்குமாடி வீடு, கையில் திறன்பேசி என்று வாழும் பிள்ளைக்கு வியர்க்கும் நேரம் அது ஒன்றுதான். அதையும் பறித்துவிட்டு, ஆண்டுக்கு இருமுறை செகாக் உடல்தகுதிச் சோதனையில் படி ஏறி இறங்கச் சொல்வதில் பயனில்லை. சோதனை உடலை அளக்கும், வளர்க்காது.

ஆகவே, அடுத்த முறை மதிப்பெண் அறிக்கை வாங்கப் பள்ளிக்கு வரும்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இந்த மாதம் உடற்கல்வி எத்தனை முறை நடந்தது? என் மகள் ஓடினாளா, ஓரமாக உட்கார்ந்திருந்தாளா?" பெற்றோர் கேட்கத் தொடங்கினால், அந்த நேரத்தை எந்தப் பாடமும் எளிதில் எடுத்துக்கொள்ளாது. வீட்டிலும், மாலை டியூஷனுக்கு முன் 20 நிமிடம் பூப்பந்து ஆட விடுங்கள். பாடம் காத்திருக்கும், வளரும் எலும்பு காத்திருக்காது.