அளவுகோலில் இல்லாத ஏரி

ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி. மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலை வகுப்புகள். ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி. இந்நாட்டில் பள்ளிகள் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு ஏறத்தாழ இவ்வளவே. சமவெளி ஊர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்திவிடும். திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், காட்டூரின் வயல்களும் ஏரியும் முடிந்து பழவேற்காட்டின் உப்புநீர்ப் பரப்பு விரியும் நிலத்தில் பொருந்துவதில்லை. அங்கே இரு குப்பங்களுக்கு இடைப்பட்ட தொலைவு வரைபடத்தில் ஒன்று, படகில் ஒன்று, கரையைச் சுற்றி நடந்தால் முற்றிலும் வேறொன்று. ஐப்பசி மழையில் அந்த மூன்றும் மாறிவிடும்.

சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்கோடி மட்டும் தமிழகத்தைச் சேர்ந்தது. 1613இல் ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டினர். ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஏவுகலங்கள் விண்ணுக்கு எழுகின்றன. தெற்கே காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள். உலக வணிகமும் விண்ணறிவியலும் இவ்வளவு அருகில் வந்து நின்ற மீனவர் நிலம் வேறு உண்டா என்பது ஐயமே. கரையூர்களில் பட்டினவர், தலித் மக்கள், இசுலாமியர், சேற்றில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் எனப் பல சமூகத்தார் வாழ்கின்றனர். பசியாவரம் போன்ற தீவுக் குப்பங்களுக்குப் படகே பாதையாக இருந்த காலம் மிக நெடியது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி நடுவண் அரசு வகுத்த விதிகள் மாநிலங்களுக்கு முன்மாதிரியாகவும் அமைந்தன. தொலைவு வரம்பைச் சொல்லிவிட்டு அவ்விதிகள் நின்றுவிடவில்லை. வெள்ள அச்சம் உள்ள இடங்களிலும், சாலை இல்லாத இடங்களிலும், வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியில் சிறுவர்க்கு இடர் உள்ள இடங்களிலும் அந்த வரம்பைக் குறைத்துக்கொண்டு பள்ளியை அமைக்க வேண்டும் என்கின்றன. பள்ளியே அமைக்க இயலாத சிற்றூர்களுக்குக் கட்டணமில்லாப் போக்குவரத்து, உறைவிட வசதி ஆகியவற்றையும் கூறுகின்றன. ஆக, எழுதப்பட்ட விதியில் ஏரிக்கு இடம் உண்டு. ஒதுக்கப்படும் நிதியில்தான் இல்லை. ஒருங்கிணைந்த கல்வித் திட்டமாகிய சமக்ர சிக்சாவில் போக்குவரத்துக்கும் வழித்துணைக்கும் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை வழங்கலாம். 220 பள்ளி நாட்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு இருபத்தேழு ரூபாய். ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் ஏறும் சாலையோர ஊருக்கு இது போதலாம். எட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு படகும், படகோட்டியும், எரிபொருளும், உயிர்காப்பு அங்கியும் வேண்டிய இடத்திற்குப் போதுமா? மாணவர்க்கான இலவசப் பயண அட்டை அரசுப் பேருந்தில் செல்லும், படகில் செல்லாது. 2011 டிசம்பர் 25ஆம் நாள் இதே ஏரியில் சுற்றுலாப் பயணியர் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் உல்லாசப் படகுப் பயணத்திற்குத் தடை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நீரைக் கடப்பதற்கு ஒரு செந்தரமும் அதற்குரிய நிதியும் அப்போதே பிறந்திருக்க வேண்டும்.

பள்ளிப் பராமரிப்பு மானியத்தின் கதையும் இத்தகையதே. முப்பது மாணவர் வரை பயிலும் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய்; நூறு பேர் வரை 25,000; இருநூற்றைம்பது பேர் வரை 50,000; ஆயிரம் பேர் வரை 75,000; அதற்கும் மேல் ஓர் இலட்சம். தலைக்கணக்கில் இது நேர்மையான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் உப்புக்காற்று தலை எண்ணி வீசுவதில்லை. இருபது பிள்ளைகள் பயிலும் குப்பத்துப் பள்ளியின் கூரைக் கம்பி துருப்பிடிக்கும் வேகம், ஆயிரம் பேர் பயிலும் நகரப் பள்ளியில் காணாதது. மின்விசிறி, கணினி, கழிப்பறைக் கதவின் கீல், குடிநீர்க் குழாய் என இரும்பு கலந்த யாவும் இங்கே விரைவில் தேய்கின்றன. நிலத்தடி நீர் உவர்ப்பானதால் குடிநீரையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. செலவு மிகும் இடத்திற்கே மிகக் குறைந்த தொகை போய்ச் சேர்கிறது.

ஆசிரியர் எண்ணிக்கையை வரையறுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை அறுபது மாணவர் வரை இருவர் என்கிறது. ஐந்து வகுப்புகளுக்கு இருவர். அவர்களுள் ஒருவர் பயிற்சிக்கோ, வாக்காளர் பட்டியல் பணிக்கோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்கோ அழைக்கப்பட்டால் மிஞ்சுபவர் ஒருவர். தேர்தல், கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணப் பணிகளுக்கு ஆசிரியரை ஈடுபடுத்தச் சட்டமே இடமளிக்கிறது. பேரிடர் முதலில் வந்து இறங்கும் கரையில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள் பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் குடியிருந்து வந்து போகின்றனர் என்று குறை கூறுவோர், அவர்கள் தங்குவதற்குக் கரையில் ஒரு குடியிருப்பேனும் திட்டத்தில் எழுதப்பட்டதா என்று கேட்பதில்லை.

எனினும் நம் பெருங்கவலை தொடக்கப் பள்ளியைப் பற்றியதன்று. அங்கே தமிழக அரசு செய்துள்ளவை பாராட்டுக்குரியன. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு ஆகியவை ஏழைப் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்திய ஏற்பாடுகள். ஊரகத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் காலை உணவு விரிந்தது 2024 சூலை 15 அன்று. அவ்விழா நடந்ததும் இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். மறுமுனையில், கல்லூரிக்குச் செல்லும் அரசுப் பள்ளி மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வருகிறது. குப்பத்து மணலில் அதை மிதிக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளைக்கு அது வருவதே இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் கை நீட்டும் அரசு, இடையில் உள்ள ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பிள்ளையைத் தனியே விடுகிறது. அந்த வயதில்தான் பள்ளி தொலைவாகிறது. பையனின் கை வலை இழுக்கப் போதுமானதாகிறது. பெண்ணைப் பொழுது சாய்ந்தபின் கரை கடந்து வரவிட வீட்டார் அஞ்சுகின்றனர்.

இருளர் பிள்ளைகளுக்கு இவற்றின்மேல் சாதிச் சான்றிதழும் ஒரு தடை. பழங்குடியினர் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியர் கையொப்பத்தால் கிடைப்பது. அதைப் பெறுவதற்கு முன்னோர் ஆவணம் கேட்கப்படும். ஏரிச்சேற்றில் வாழ்ந்த முன்னோர் ஆவணம் எதுவும் விட்டுச் செல்லவில்லை. சான்றிதழின்றி உதவித்தொகையும் விடுதியும் எட்டாக்கனி. இது கல்வித் துறையின் பணி அன்று எனக் கல்வித் துறையும், பள்ளி இடைநிற்றல் தம் பொறுப்பன்று என வருவாய்த் துறையும் கூறிக்கொள்ளலாம். பிள்ளைக்கு இரண்டும் ஒரே அரசுதான்.

ஏரியை எவ்வாறு பகிர்வது என்பதை இம்மீனவர் அரசிடம் கற்கவில்லை. பாடு என்ற முறையை அவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றனர். ஏரியில் மீன் படும் இடமும் படாத இடமும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, நல்ல இடம் ஒரே கையில் தங்காதபடி குலுக்கலாலும் முறைவைப்பாலும் உரிமையுடையோர்க்குப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு அது. பெண்டிரையும் இருளரையும் அது வெளியே நிறுத்தியது என்ற குற்றச்சாட்டு மெய்யே. அதை முன்மாதிரியாக உயர்த்திப் பிடிக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் நீர் எங்கும் ஒரே தன்மையது அன்று என்ற எளிய அறிவிலிருந்து அது தொடங்குகிறது. நம் பள்ளி மானியக் கணக்கு அந்த அறிவிற்கு இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு வழி கல்வி உரிமைச் சட்டத்திலேயே உள்ளது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மேலாண்மைக் குழு வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்கிறது 21ஆம் பிரிவு. அக்குழு பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்ட வேண்டும், அத்திட்டமே அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாக வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. இச்சட்டத்தின் மிகத் துணிந்த வரி இதுவே எனலாம். நடைமுறையில் ஓட்டம் தலைகீழாக இருக்கிறது. மேலிருந்து தலைப்புகளும் அலகு விலைகளும் முன்கூட்டியே முடிவாகி வருகின்றன. கீழிருந்து போவது எண்ணிக்கை மட்டுமே. படகு என்ற தலைப்பே இல்லாத படிவத்தில் மீனவத் தாய் எதை நிரப்புவார்? தமிழகத்தில் 2022இலும் 2024இலும் மேலாண்மைக் குழுக்கள் புதுப்பிக்கப்பட்டன. கூட்டங்கள் நடக்கின்றன, தீர்மானங்கள் பதிவாகின்றன. தீர்மானத்தின் பின்னே பணம் போகும் வழியைத்தான் எவரும் அமைக்கவில்லை.

நிதி என்றதும் தில்லியின் நடத்தையைச் சொல்லாமல் கடக்க இயலாது. 1976இல் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, நிதி வழங்கும் பொறுப்பு இரு அரசுகளுக்கும் உரியது எனத் தெளிவாக வரையறுத்தது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் தமிழகத்திற்கு நடுவண் அரசின் பங்கு நூற்றுக்கு அறுபது. 2024-25ஆம் ஆண்டிற்கான அப்பங்கு, 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்திலும் அதன் வழியே தேசியக் கல்விக் கொள்கையிலும் மாநிலம் கையொப்பமிடவில்லை என்பதற்காக நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது. கல்விக் கொள்கையிலும் அது சொல்லும் மொழிப் பாடங்களிலும் இரு அரசுகளும் மாறுபடலாம். அதற்கு மேடைகள் உள்ளன. ஒரு திட்டத்தின் பணத்தை மற்றொரு திட்டத்தின் கையொப்பத்திற்குப் பிணையாக்குவது சட்டம் விதித்த பொறுப்பைக் கைவிடுவதாகும். அதன் சுமை முதலில் விழுவது வழித்துணைப் பணம், சிறப்புப் பயிற்றுநர் ஊதியம் போன்ற சிறு இனங்களின்மேல். அவ்வினங்களையே நம்பி நிற்பவை கரையோரச் சிற்றூர்கள்.

ஆனால் தில்லியைச் சுட்டும் விரல் சென்னைக்குத் தப்பும் வழியாகிவிடக் கூடாது. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி ரூபாய். அதன் பெரும்பகுதி ஊதியத்திற்குச் செல்வது இயல்பே. பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஐந்தாண்டுகளில் 7,000 கோடி என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்த வகுப்பறைகள் கடலோரத்திற்கும் உள்நாட்டிற்கும் ஒரே வரைபடத்தில் எழுமானால் கரையில் அவற்றின் ஆயுள் குறுகும். நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாகத் தொழில் நிறுவனங்களிடம் நன்கொடை பெறுவதும் நடக்கிறது. கொடை வரட்டும், நன்று. துறைமுகத்தின் நிழலில் வாழும் ஊர் அத்துறைமுகத்தின் ஈகையால் கழிப்பறை பெற வேண்டும் என்பது திட்டமிடல் ஆகாது.

இடத்திற்கேற்பத் திட்டமிட மாநில அரசுக்குத் தெரியாது என்று கூறவும் முடியாது. ஆரணியாற்றின் வெள்ளநீர் கடலில் வீணாவதைக் கண்டு, காட்டூர், தத்தமஞ்சி ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கமாக்கும் பணியை மேற்கொண்டது அதே மாநில அரசுதான். மண்ணையும் மட்டத்தையும் வரத்தையும் அளந்தபின் அங்கே மதிப்பீடு எழுதப்பட்டது. சராசரி ஏரி ஒன்றைக் கற்பனை செய்து எவரும் கரை எழுப்பவில்லை.

1953இல் அரைநாள் பள்ளி, அரைநாள் தந்தை தொழில் என்றொரு கல்வித் திட்டம் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்டது. மக்கள் வெகுண்டனர், 1954இல் பொறுப்பேற்ற காமராசர் அதைக் கைவிட்டார். மீனவன் மகன் மீனவனாகவே இருக்க வேண்டும் என்று இன்று எந்த ஆணையும் சொல்வதில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் வழியில் படகுக்குப் பணம் ஒதுக்காத அளவுகோல், ஆணையின்றியே அதைச் செய்து முடிக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்திற்கான அடுத்த ஆண்டுப் பணித்திட்டம் தொகுக்கப்படுமுன், பழவேற்காட்டுக் கரையூர்களின் மேலாண்மைக் குழுக்களைக் கூட்டி, பிள்ளை எவ்வழியே எவ்வளவு நேரத்தில் பள்ளி சேர்கிறது என்பதை மழைக்காலத்திலும் கோடையிலும் தனித்தனியே பதிய வேண்டும். பாலம் வந்துள்ள ஊரையும் வராத ஊரையும் ஒரே வகையில் அடைக்கலாகாது. பராமரிப்பு மானியத்திற்குக் கடலோர மிகைத்தொகையும், ஈராசிரியர் பள்ளிகளுக்கு ஒன்றிய அளவில் மாற்று ஆசிரியரும் வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் கரையூர் மாணவியர்க்குப் பொன்னேரியிலோ பழவேற்காட்டிலோ, சான்றிதழ் தாமதத்தைக் காரணம் காட்டி எவரையும் திருப்பி அனுப்பாத விடுதி வேண்டும். இவற்றிற்கான தொகை நடுவண் பங்கு வரும் நாளுக்குக் காத்திராமல் மாநில நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பில் எழுதப்பட வேண்டும். தில்லி தர வேண்டியதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற்றபின் அந்தக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம்.