டப்பாவின் முதுகைப் படியுங்கள்

போன வருஷம் ஜிம்மில் சேர்ந்த மூன்றாவது வாரமே மாஸ்டர் கேட்டார், "தம்பி, புரோட்டீன் எடுக்கறியா?" இல்லை என்றேன். ஏதோ பெரிய பாவம் செய்தவனைப் போல என்னைப் பார்த்தார். மறுநாளே அவர் கையாலேயே ஒரு கிலோ டப்பா ஒன்று வாங்கினேன். 1,200 ரூபாய். கடையில் 2,000, உனக்காகத்தான் இந்த விலை என்றார். டப்பாவின் முகப்பில் புஜபலம் காட்டும் வெள்ளைக்காரர் ஒருவர், அவருக்குக் கீழே கொட்டை எழுத்தில் "24 கிராம் புரதம்".

அந்தப் பணம் அம்மா அனுப்பியது. அம்மா பிளவுஸ் தைக்கிறார், ஒன்றுக்கு 150 ரூபாய். அதாவது எட்டு பிளவுஸ். "ஏங்கண்ணு, அது பால் பவுடராட்டவா?" என்று போனில் கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டப்பா பாதி காலியான பிறகுதான் அதன் முதுகைப் படித்தேன். பி.காம். படிக்கிறவன் முதலிலேயே படித்திருக்க வேண்டும். 24 கிராம் புரதம் என்றது ஒரு ஸ்கூப்புக்கு இல்லை, இரண்டு ஸ்கூப்புக்கு. இரண்டும் சேர்ந்து 60 கிராம். அப்படியானால் நூற்றுக்கு நாற்பதுதான் புரதம். மீதியில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரினும் சர்க்கரையும். மாவுச்சத்தைத்தான் எட்டு பிளவுஸ் கொடுத்து வாங்கியிருக்கிறேன்!

வகுப்பில் அடக்கவிலைக் கணக்கியல் நடத்தும்போது தூக்கம் வரும். அன்றைக்கு வரவில்லை. கணக்கு இதுதான்:

என் டப்பா: 1 கிலோவில் 400 கிராம் புரதம். 1,200 ரூபாய். ஒரு கிராம் புரதம் 3 ரூபாய்.

மாஸ்டர் சொன்ன 2,000 ரூபாய் டப்பா: 33 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம். கிலோவுக்கு சுமார் 727 கிராம். ஒரு கிராம் 2 ரூபாய் 75 பைசா.

மலிவு என்று நான் வாங்கியதுதான் விலை அதிகம். அதனால் என் கட்சி இதுதான்: புரதப் பவுடரை டப்பா விலையில் ஒப்பிடாதீர்கள், ஒரு கிராம் புரதத்தின் விலையில் ஒப்பிடுங்கள்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. லேபிளில் அச்சடித்ததெல்லாம் உண்மையா? 2024-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வில் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்தார்கள். சுமார் 70 சதவீதத்தில் லேபிள் சொன்ன புரத அளவு தவறு. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது.

எப்படி ஏமாற்ற முடிகிறது? வழக்கமான சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. நைட்ரஜன் உள்ள மலிவான பொருள் எதைக் கலந்தாலும் சோதனைக்கு அது புரதம்தான். 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்தது இதே தந்திரம். ஆறு குழந்தைகள் இறந்தன, சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. பவுடர்க்காரர்கள் சிலர் கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலக்கிறார்கள். விஷமில்லை, ஆனால் தசைக்கும் பெரிய பயனில்லை.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் பார்க்க வேண்டியவை:

1. 100 கிராமில் புரதம் எவ்வளவு? வே கான்சன்ட்ரேட் என்றால் 70 முதல் 80 வரை இருக்கலாம். 40, 50 என்றால் டப்பாவைத் திரும்ப வையுங்கள்.

2. சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் வே புரதமாக இருக்க வேண்டும். பட்டியல் சின்னதாக இருந்தால் நல்லது. கிளைசினும் டாரினும் தனியாகச் சேர்த்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

3. லியூசின் அளவு. 25 கிராம் வே புரதத்தில் சுமார் இரண்டரை கிராம் இருக்கும். ரொம்பக் குறைந்தால் எங்கோ இடிக்கிறது.

4. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண். அதோடு, அந்தத் தயாரிப்புத் தொகுதியின் வெளி ஆய்வக அறிக்கையைக் காட்டும் கம்பெனி என்றால் இன்னும் நல்லது.

5. பில். என் மாஸ்டர் கொடுக்கவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு கடைசிக் கேள்வி: எனக்கு இது தேவையா? ஐ.சி.எம்.ஆர். 2020-ல் சொன்ன கணக்குப்படி பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். என் 58 கிலோவுக்கு 48 கிராம். எடை தூக்குகிறவனுக்கு 1.6 வரை என்று வைத்தாலும் 93 கிராம். மெஸ் சாப்பாட்டில் பாதியாவது வந்துவிடும். குறைவது 40 கிராம் சொச்சம்.

அதற்கு என் இப்போதைய ஏற்பாடு: மூன்று முட்டை (18 கிராம்), ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூட, 50 கிராம் பொட்டுக்கடலை (10), 25 கிராம் சோயா உருண்டை (13). எங்கள் தெருக் கடை விலையில் 35 ரூபாய்க்குள் முடிகிறது. அதே புரதம் அந்த 2,000 ரூபாய் பவுடரில் 110 ரூபாய்க்கு மேல். பயறு வகைப் புரதம் வே அளவுக்குத் தரமில்லை என்பது உண்மைதான். முட்டையும் சேரும்போது அந்தக் குறை பெரிதில்லை.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, உடம்பேற்ற இந்தப் பவுடர்களே வேண்டாம் என்கிறது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஹாஸ்டலில் அடுப்பு கிடையாது. முட்டையையும் சோயாவையும் மெஸ் அண்ணன் தயவில்தான் வேகவைக்கிறேன். அந்த வசதி இல்லாதவனுக்கு நல்ல பவுடர் ஒரு ஸ்கூப் உபகாரம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். ஆனால் நல்ல பவுடருக்குக் காசு இல்லையென்றால் மட்டமான பவுடர் அதற்கு மாற்று இல்லை. மாற்று முட்டைதான்.

லீவுக்குப் போனபோது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. "அந்த டப்பா இருக்குதா கண்ணு? பட்டன் போட்டு வெக்கலாம்" என்றார். இப்போது அதில் பட்டன் இருக்கிறது. 1,200 ரூபாய்க்கு உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.