600-க்கு 210

அந்த நாளில் எஸ்.எஸ்.எல்.சி. முடிந்தால் குளத்தூரில் பள்ளிக்கூடமே முடிந்தது. 1956-இல் பிரிந்த மாநில எல்லையின் விளைவு அது. களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டில், 1978 முதல் பிளஸ் டூ. என் வயது அத்தை மகன் இன்னும் இரண்டு வருடம் பள்ளியிலேயே இருந்தான். கேரளத்தில் எங்களுக்கோ பதினைந்து வயதிலேயே கல்லூரி, பிரீடிகிரி.

அதனால்தான் மார்ச்சில் ஆட்டோகிராஃப் நோட்டுகள் அத்தனை அவசரமாகக் கைமாறின. வீட்டில் தமிழ் பேசியவர்களும் மலையாளத்தில்தான் எழுதினோம். யுவஜனோத்சவத்தில் சேர்ந்து மேடையேறியவர்கள், கடைசி பெஞ்சில் சேர்ந்து அடி வாங்கியவர்கள், எல்லோரும் எழுதியது ஒன்றுதான்: கல்லூரியில் பார்ப்போம்.

ரிசல்ட் வந்தது. 600-க்கு 210 எடுத்தால் பாஸ். பொழியூர் கடற்கரையிலிருந்து நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன் எடுக்கவில்லை. நாங்கள் தனுவச்சபுரம் கல்லூரிக்கு பஸ் ஏறினோம். அவன் அப்பாவோடு வள்ளம் ஏறினான்.

பிரீடிகிரி இன்று இல்லை. 2005-இல் மார்க்குக்குப் பதில் கிரேடு வந்தது. பழைய மாணவர்கள் கூடும்போது, பாஸானவர்கள்தான் வருகிறோம். தோற்றவனை யாரும் தேடிப்போய் அழைத்ததில்லை, நானும்தான். அவன் எழுதிய பக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது: கல்லூரியில் பார்ப்போம்.