காது மடலும் கொச்சிக் காலும்

இந்த வாரம் பரிணாமத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தால் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தோடு மல்லுக்கட்டுவது இந்தப் பத்தியின் வருடாந்தரச் சடங்கு என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் ‘பாரம்பரியமும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம், சுமைக் குறைப்பு என்ற பெயரில் 2022இல் ‘பாரம்பரியம்’ என்று சுருங்கிப்போனது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். டார்வினைத் தூக்கியது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நீக்கிய பக்கத்துக்காக இத்தனை பேர் குரல் கொடுத்தபோது, நீக்காமல் விட்ட பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா? என் எரிச்சல் இந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்தின் மேல்தான். டார்வின் அடுத்த ஜூன் வரை பொறுத்துக்கொள்வார்.

அந்தப் பக்கத்தில் ஒரு செயல்பாடு உண்டு. மாணவர்கள் ஒருவர் காதை ஒருவர் பார்க்க வேண்டும். கம்மல் குத்துகிற நுனிச் சதை கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தனியாகத் தொங்குகிறதா என்று பட்டியல் போட வேண்டும். பிறகு வீட்டுக்குப் போய் அப்பா அம்மா காதையும் பார்த்து, இரண்டையும் பொருத்தி, காது மடல் எந்த விதிப்படி தலைமுறை இறங்குகிறது என்று ஒரு விதியை ஊகித்து எழுத வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடம் வேண்டாம், நுண்ணோக்கி வேண்டாம், காது எல்லாருக்கும் இரண்டு உண்டு. சிக்கல் என்னவென்றால் அப்படி ஒரு விதி கிடையாது. 2017இல் எழுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுதியை அலசிய ஆய்வு, காது மடல் ஒட்டுவதோடு தொடர்புடைய 49 இடங்களைக் கண்டுபிடித்தது. ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டு கட்டமும் இயற்கையில் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லா அளவிலும் காதுகள் இருக்கின்றன. பாம்படம் போட்டுத் தோள்வரை காது வளர்த்த தென்பாண்டிக் கிழவியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதையும் புத்தகம் சொல்லவில்லை.

காதுக்குத் தோழன் நாக்கு. நாக்கைக் குழல்போல் சுருட்டுவது ஓங்கு பண்பு என்று பல தலைமுறை மாணவர்கள் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். 1940இல் அதைச் சொன்னவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், குரோமோசோமில் மரபணுக்களின் வரிசையை முதலில் வரைந்த மேதை. 1952இல் பிலிப் மாட்லாக் 33 ஜோடி ஒருகரு இரட்டையரைப் பார்த்தார். 7 ஜோடிகளில் ஒருவர் சுருட்டினார், மற்றவரால் முடியவில்லை. மரபணு முழுதும் ஒன்றாக இருப்பவர்களிடமே இந்தக் கதி. ஸ்டர்டிவன்டே 1965இல், இதை நிறுவப்பட்ட மெண்டல் பண்பாக இன்னும் புத்தகங்களில் பார்ப்பது தர்மசங்கடமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதிவிட்டார். சொன்னவரே திரும்ப வாங்கிக்கொண்டாலும் பாடநூல் திருப்பித் தருவதில்லை. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் இன்னொரு காது இருக்கிறது: காது விளிம்பில் முடி முளைப்பது ஒய் குரோமோசோம் வழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறதாம். தென்னிந்திய ஆண்களின் ஒய் குரோமோசோமையே வைத்து 2004இல் செய்த ஆய்வு அதற்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டது. காதில் அப்படி என்னதான் வைத்திருக்கிறார்களோ!

இங்கே வெல்டனை இழுக்காமல் இருக்க முடியவில்லை. அவரைப் பற்றி அறிவியல் வரலாற்றாளர் கிரெகரி ராடிக் எழுதி 2023இல் வந்த ‘டிஸ்ப்யூட்டட் இன்ஹெரிடன்ஸ்’ புத்தகத்தை இந்தப் பத்தியில் எத்தனை முறை புகழ்ந்தாலும் எனக்கு அலுக்கவில்லை, வாசகர்களுக்கு அலுத்திருக்கலாம். 1900இல் மெண்டலின் பட்டாணி ஆய்வு மறுபடி கண்டெடுக்கப்பட்டபோது உலகம் கைதட்டியது. ஆக்ஸ்ஃபோர்டு விலங்கியலாளர் வெல்டன் மட்டும் விதைக் கடைகளில் விற்கிற பட்டாணிகளை வாங்கி வரிசையாக அடுக்கிப் பார்த்தார். பச்சை, மஞ்சள் என்று இரண்டு நிறம்தானே இருக்க வேண்டும்? கரும்பச்சையில் தொடங்கி வெளிர்பச்சை, பசுமஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாக நிறம் மாறிக்கொண்டே போனது. அதை வண்ணத் தட்டாக 1902இல் அச்சிட்டார். அவர் மெண்டலைப் பொய்யர் என்று சொல்லவில்லை. ஓங்குவதும் ஒடுங்குவதும் ஒரு மரபுக் காரணியின் நிலையான குணம் அல்ல, அது எந்தப் பின்னணியில், எந்தச் சூழலில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். மெண்டலின் ஆதரவாளர் பேட்சன் அதே ஆண்டு ஒரு புத்தகமே எழுதித் தாக்கினார். வெல்டன் 1906இல் நாற்பத்தாறு வயதில், தன் மறுமொழிப் புத்தகத்தை முடிக்காமலே நிமோனியாவில் இறந்துபோனார். செத்தவர் வாதாட முடியாதே, பேட்சன் வழியே பாடத்திட்டம் ஆயிற்று. ராடிக்கும் ஆனி ஜேமிசனும் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவு மாணவர்களுக்கு வழக்கமான மெண்டல் வரிசை, இன்னொரு பிரிவுக்குச் சூழலையும் பின்னணியையும் முதலிலிருந்தே சேர்த்துச் சொல்லும் வெல்டன் வரிசை. பாடம் முடிந்தபோது, மரபணுவே விதி என்ற நம்பிக்கை இரண்டாம் பிரிவில் குறைந்திருந்தது. சிறிய சோதனைதான், இதை வைத்து உலகத்தைப் புரட்ட முடியாது. ஆனாலும் பாடம் சொல்கிற வரிசைக்கே ஒரு கருத்து உண்டு என்பதை அது காட்டுகிறது.

காது மடல் செயல்பாட்டின் உண்மையான கோளாறும் இதுதான். தகவல் பிழையைத் திருத்திவிடலாம். அது கற்றுத்தரும் தாவல்தான் ஆபத்து. குடும்பத்தில் ஒரு சாயலைக் கண்டதும் அது ரத்தத்தில் வருவது என்று முடிவு கட்டி, அதற்கு விதி எழுதச் சொல்கிறது. சாயலுக்கும் விதிக்கும் நடுவில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: இது பிறப்பில் வந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? அதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பட்டாணி தேவையில்லை, கொச்சியின் மட்டாஞ்சேரி போதும்.

கொச்சித் துறைமுகத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் யானைக்கால் நோய்க்கு ‘கொச்சிக் கால்’ என்றே பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், முழங்காலுக்குக் கீழே யானைக்கால்போல் வீங்கியவர்களைப் பற்றி எழுதி, அதற்கு ஒரு காரணமும் பதிந்து வைத்தார்: மயிலாப்பூரில் புனித தோமாவைக் கொன்றவர்களின் வம்சத்தார் இவர்கள், பாட்டன் செய்த பாவம் பேரன் காலில் தெரிகிறது. சிரிக்க வேண்டாம். ஆதாரம் என்று பார்த்தால் அது காது மடல் பட்டியலுக்கு இம்மியும் குறைந்ததல்ல. அப்பனுக்கு வீங்கிய கால், மகனுக்கும் வீங்கிய கால், அண்ணன் தம்பிக்கும் அப்படியே. நம் பத்தாம் வகுப்பு மாணவரிடம் இந்தப் பட்டியலைக் கொடுத்தால் ஓங்கு பண்பு என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். நோய்க்குக் காரணமான புழு கொசுவின் உடம்பில் வளர்கிறது என்பதை பேட்ரிக் மேன்சன் 1877இல்தான் சீனத்தின் அமோயில் கண்டார். நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குக் கொச்சியின் கல்வத்திக் கால்வாய் போன்ற தேங்கிய அழுக்குத் தண்ணீரும் சாக்கடையும் பிடிக்கும். புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்களுக்கு வரும், அந்தக் கொசு கடிப்பதும் ராத்திரியில்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் படுத்திருக்கும் அப்பனையும் மகனையும் ஒரே சாக்கடையில் பிறந்த கொசுக்கள் வருடக்கணக்கில் கடிக்கின்றன. மகனுக்கு அப்பனிடமிருந்து வந்தது வீடும் தெருவும்தான். அறிவியல் வந்தபிறகும் பயம் போகவில்லை. 1950களின் தொடக்கத்தில் கொச்சி யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடியேற முனைந்தபோது, இந்த நோயைச் சொல்லித்தான் அந்நாட்டு அதிகாரிகள் அவர்களை இழுத்தடித்தார்கள்.

அந்த யூதர்களின் கதை இன்னும் உள்ளே போகிறது. ‘பரதேசி’ எனப்பட்ட, வெளிநாட்டு வழி வந்த யூதர்கள் 1568இல் மட்டாஞ்சேரியில் கட்டிய கோயிலுக்குப் போகிறவர்கள் தரையில் பதித்த நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளைத்தான் பார்க்கிறார்கள். அங்கே தரையிலும் படியிலும் யாரை உட்கார வைத்தார்கள் என்று வழிகாட்டிகள் அதிகம் சொல்வதில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வம்சம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு உள்ளே இருக்கை கிடையாது, வேதச் சுருளை வாசிக்க அழைப்பு கிடையாது, பரதேசிக் குடும்பங்களோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. இந்தச் சண்டை கோயிலைவிடப் பழையது. 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த ரபி டேவிட் இப்னு ஜிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து ஒரு கேள்வி போனது. தொள்ளாயிரம் குடும்பங்களில் நூறு குடும்பம் தங்களை வம்சப் பெருமையுள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்டு மற்றவர்களை அடிமைப் பிறப்பு என்று ஒதுக்குகிறது, என்ன செய்வது? முறைப்படி மதத்துக்குள் வந்துவிட்டால் அவர்களும் முழு யூதர்களே, மணம் செய்யத் தடையில்லை என்று பதில் வந்தது. பதில் வந்ததே தவிர, மட்டாஞ்சேரியில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானூறு வருடம் கழித்து, அதே முத்திரை குத்தப்பட்ட வம்சத்தில் பிறந்த ஏ.பி. சேலம் என்ற வழக்கறிஞர், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்த காந்தியவாதி, கொச்சி சட்டசபை உறுப்பினர், கோயிலுக்குள் மறுக்கப்பட்ட அந்த உரிமைகளுக்காகச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. மணத்தடை அதற்குப் பிறகும் நின்றது. அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை 1950இல் மணந்தபோது கல்யாணம் மட்டாஞ்சேரியில் நடக்க முடியவில்லை, பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று.

இதில் எது பிறப்பில் வந்தது? 2016இல் வெளியான ஆய்வு ஒன்று கொச்சி யூதர்கள் 21 பேரின் மரபணுத் தொகுதியை இந்திய, பாகிஸ்தானிய, யூதக் குழுக்கள் 72இன் தரவோடு ஒப்பிட்டது. பெரும்பாலும் அவர்கள் அக்கம்பக்கத்து இந்தியர்களையே ஒத்திருந்தார்கள். கூடவே, மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் மக்களைத் தவிர வேறெந்த இந்தியக் குழுவிலும் காணாத யூத வழியும் இருந்தது. 13 முதல் 22 தலைமுறைக்கு முன், அதாவது ஏறக்குறைய 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன், ஏமன், ஸ்பெயின், மத்தியக் கிழக்கு வழி யூதர்களின் கலப்பு நடந்திருக்கிறது. எல்லாம் கலப்பு. அடிமைப் பிறப்பு என்ற பெயரைத் தாங்கிய மரபணுவை எந்தக் கருவியும் காட்டாது, ஏனென்றால் அது இறங்கிவந்தது பேச்சிலும் பதிவேட்டிலும். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ஆய்வு வேறு மாதிரி முடிந்திருந்தால் சேலத்தின் உரிமை குறைந்துபோயிருக்குமா? போகாது. மனிதனுக்கு இருக்கை தருவதற்கு முன் எச்சிலைச் சோதனைக்கு அனுப்பும் வழக்கத்தை யாரும் தொடங்கிவிடக் கூடாது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு சேதிதான் உயிரியல் வகுப்புக்கு உரியது: மக்கள்தொகை ஒரு கட்டத்தில் மிகவும் சுருங்கியதும், உள்ளேயே மணந்ததும், சில ஒடுங்கு வகை நோய்கள் அந்தச் சமூகத்தில் கூடுதலாக இருப்பதற்குக் காரணமாக இருக்கலாம். வம்சத் தூய்மையைக் காக்கப் போட்ட வேலிக்கு உள்ளே எது பெருகியது என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எளிமை வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். வேண்டும். எளிமையான, உண்மையான உதாரணங்கள் இல்லாமல் இல்லை. ஏ, பி, ஓ ரத்த வகை இருக்கிறது, தலசீமியா இருக்கிறது, சிவப்பு-பச்சை நிறக்குருடு இருக்கிறது. கட்டம் போட்டு விகிதம் காட்ட இவை தாராளமாகப் போதும், 2017இல் சாயம் வெளுத்த காதை இன்னும் பிடித்துத் தொங்குவது பழக்கதோஷம். காதால் யாருக்கு என்ன கெடுதி என்றும் கேட்கலாம். அப்பா அம்மா காதோடு தன் காது ஒத்துப்போகாத பிள்ளை அன்றிரவு என்ன நினைத்துக்கொண்டு படுக்கும் என்று யோசித்தால் பதில் கிடைக்கும். தத்துப்பிள்ளை, அப்பா முகம் தெரியாத பிள்ளை எல்லாம் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கனமான ஆட்சேபம் வேறு. பல மொழிகளும் சாதிகளும் நெருக்கியடித்து வாழும் மட்டாஞ்சேரி மாதிரி இடத்தில், கொங்கணியும் கச்சி மேமனும் தமிழ் வண்ணாரும் ஒரே பெஞ்சில் இருக்கிற வகுப்பில், சமூகம், அகமணம், நோய் என்று பேச ஆரம்பித்தால் ஒருவரை ஒருவர் ரத்தம் பார்த்துக் கேலி செய்யத் தொடங்கமாட்டார்களா? இந்தப் பயம் நியாயமானது. சமூகப் பெயரோடு நோயை ஒட்டிக் கற்பித்தால் குழுக்களுக்கு இடையே இல்லாத பேதம் இருப்பதாக மாணவர்கள் நம்பத் தொடங்குகிறார்கள் என்று அமெரிக்காவில் பிரையன் டோனவன் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே குழுவுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைச் சேர்த்துக் கற்பித்தபோது அந்த நம்பிக்கை குறைந்தது என்பதையும் அதே ஆய்வுகள்தாம் காட்டுகின்றன. ஆகவே பெயர் வேண்டாம். மூன்று வீடு, மூன்று தலைமுறை, ஒரு வம்சப் படம் போதும். முதல் வீட்டில் வீங்கிய கால், இரண்டாவதில் தலசீமியா, மூன்றாவதில் எல்லாரும் ஒரே தொழில். எது மரபணு, எது கொசு, எது ஊர்க் கட்டுப்பாடு, எந்தத் தகவல் கிடைத்தால் பிரித்துச் சொல்லலாம் என்று கேட்க வேண்டும். இரட்டையர், தத்துப்பிள்ளை, ஊர் மாறிப் போனவர் என்று தேடிப் பார்க்கும் வழியை மாணவர்களே சொல்லிவிடுவார்கள். திருத்துவது கடினம், விடைக்குறிப்பில் அடங்காது என்று தேர்வுத் துறை முனகும். முனகட்டும். ஐந்து மதிப்பெண் கேள்வியாக வைத்தால் போதும், காது மடலுக்கு இத்தனை வருடம் கொடுத்ததில் ஒரு பங்குகூட ஆகாது.