தாத்தாவைக் கடன் வாங்கி ஜெயிக்க வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவுற இடத்திலயும், எங்க தொண்டர் வாட்ஸ்ஆப் குழுவிலயும் பல வாரமா ஓடிக்கிட்டு இருக்கிற பேச்சு இது. "கோயில் ஆளுங்களுக்குக் காற்பந்து எதுக்கு?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நம்ம கோயிலுக்குத் தொண்டு செய்ய வர்ற பையன்களில் பாதிப் பேர் ஹரிமாவ் மலாயா ஜெர்சி போட்டுக்கிட்டுத்தான் சாமான் தூக்குறாங்க. அதனால் எங்களுக்கும் பேச உரிமை உண்டு.

நேராகவே சொல்லிவிடுகிறோம். 2025 ஜூன் 10-ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று அடித்தோமே, அந்த வெற்றி எங்களுக்கு வேண்டாம். அதை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள்.

அன்று இரவு நாங்களும் மாமாக் கடையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினவங்கதான். அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. 2014-க்குப் பிறகு வியட்நாமை நாம் ஜெயித்ததே இல்லை. இடைவேளை வரை ஒரு கோலும் இல்லை, பிறகு வரிசையா நாலு. கத்தாமல் என்ன செய்வது? வெட்கப்பட வேண்டியவன் ஏமாந்தவன் இல்லை, ஏமாற்றியவன்.

செப்டம்பர் 26-ஆம் தேதி ஃபிஃபா தீர்ப்பு வந்தது. பால்மெரோ, கார்செஸ், ஹோல்காடோ, மச்சூகா, ஃபிகெய்ரெடோ, இராஸாபால், ஹெவெல் என்று ஏழு பேர். இவர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் கொடுத்த பத்திரங்கள் திருத்தப்பட்டவை என்றது ஃபிஃபா. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, தலைக்கு 2,000 சுவிஸ் ஃபிராங் அபராதம். எஃப்.ஏ.எம்-முக்கு 350,000 சுவிஸ் ஃபிராங், நம்ம காசில் ஏறக்குறைய 18 லட்சம் வெள்ளி. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி. டிசம்பரில் கேப் வெர்டே, சிங்கப்பூர், பாலஸ்தீனம் மூன்றோடும் ஆடிய நட்பு ஆட்டங்களை 0-3 தோல்வி என்று மாற்றி எழுதினார்கள். விளையாடி ஜெயித்த ஆட்டம், காகிதத்தில் தோற்றுப்போனது. அந்த 4-0 ஆட்டத்தில் முதல் இரண்டு கோலும் இந்த ஏழு பேரில் இருவர் அடித்தவைதான்.

இதில் பினாங்குக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி அடி இருக்கிறது, கவனிச்சீங்களா? ஹோல்காடோவின் தாத்தா பிறந்த ஊர் என்று கொடுக்கப்பட்ட பத்திரத்தில் இருந்தது எந்த ஊர் தெரியுமா? ஜார்ஜ்டவுன்! நம்ம ஜார்ஜ்டவுன். அசல் பதிவைத் தேடிப் பார்த்தால் அர்ஜென்டினாவில் புவனோஸ் அயர்ஸ். கார்செஸின் தாத்தாவுக்கும் பினாங்கு என்றே எழுதியிருந்தது. அவரும் அர்ஜென்டினாவில் பிறந்தவர்தான்.

ஜார்ஜ்டவுன் தாத்தா என்றால் எங்களுக்கு யார் என்று சொல்கிறோம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வந்து இறங்கியவர். ஜெரஜாக் தீவில் நோய்க்காவலில் கிடந்துவிட்டு வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், ரோடு போட்டவர், சாக்கடை வெட்டியவர், தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருடைய பழுப்பேறிய ஒரு துண்டுக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் இன்னும் வைத்திருக்கிற வீடுகள் எத்தனை! பேரன் என்றாலே பெயரன், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். அப்படிப்பட்ட தாத்தாவை ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ தயாரித்திருக்கிறார்கள். பேனா முனையில் ஒரு ஊர் மாறிவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே வளர்ந்து, அம்மா அப்பா கல்யாணம் பதிவாகவில்லை என்றோ, யாரோ ஒருவரின் பத்திரம் தொலைந்துவிட்டது என்றோ அடையாள அட்டை இல்லாமல் நிற்கிற நம்ம பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். சிவப்பு அட்டையோடு முப்பது நாற்பது வருஷம் காத்திருந்து, நீல அட்டையைப் பார்க்காமலே கண்ணை மூடிய பாட்டிமார்களை நாங்கள் தூக்கிப்போயிருக்கிறோம். அப்படிப்பட்ட குடும்பங்களோடு நாங்கள் கவுண்டர் கவுண்டராகப் போயிருக்கிறோம். "இந்தப் பத்திரம் பத்தாது, அடுத்த மாசம் வாங்க." அடுத்த மாசம் போனால் வேற ஆள் உட்கார்ந்திருப்பார், வேற பத்திரம் கேட்பார்.

இந்த ஏழு பேருக்கு மட்டும் குடியுரிமை எப்படி இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது? நாடாளுமன்றத்தில் கேட்டபோது, சட்டத்தில் உள்ள விதிவிலக்கு அதிகாரத்தைப் பயன்படுத்தியதாக அமைச்சர் பதில் சொன்னார். சரி, அதிகாரம் இருக்கிறது. பந்து உதைக்கத் தெரிந்தால் திறக்கிற கதவு, இங்கேயே பிறந்த பிள்ளைக்கு ஏன் திறக்க மாட்டேன் என்கிறது? இதைக் கேட்பது அரசியல் இல்லைங்க. நியாயம்.

எஃப்.ஏ.எம். என்ன சொன்னது? "தொழில்நுட்பத் தவறு", அலுவலக ஆள் செய்த பிழையாம். எங்களில் பலர் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளில் இருபது முப்பது வருஷம் ஓட்டியவர்கள். லைனுக்கு வர்ற ஒவ்வொரு பாகமும் சர்டிபிகேட்டோடுதான் வரும். அந்த சர்டிபிகேட் போலி என்று தெரிந்தால், "பாகம் நல்லாத்தானே வேலை செய்யுது" என்று எந்த சூப்பர்வைசரும் விடமாட்டான். லாட் முழுதும் ஹோல்டு. ஏற்றுமதி ஆன பெட்டியைக்கூடத் திரும்ப வரவழைக்கணும். "கிளார்க் தப்பா டைப் பண்ணிட்டார்" என்று ஆடிட்டரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்துப் பாருங்களேன்! யார் கொடுத்தது, யார் வாங்கியது, யார் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது, மூன்றுக்கும் பெயர் கேட்பார். ஒரு பத்திரத்தில் ஊர் மாறினால் பிழை. ஏழு பத்திரத்திலும் ஒரே மாதிரி, ஒரே பக்கமாக, மலேசியாவுக்கே மாறினால் அதுக்குப் பேர் பிழையா?

இப்போது சிலர் கேட்பீர்கள். "எல்லா நாடும் இதைத்தானே செய்யுது? இந்தோனேசியா ஹாலந்தில் பிறந்தவர்களை வைத்து ஆடவில்லையா?" ஆடுகிறது. அவர்களின் தாத்தா பாட்டி உண்மையிலேயே இந்தோனேசியாவில் பிறந்தவர்கள் என்றால் யாருக்கு என்ன குறை? வியட்நாமின் நுயென் சுவான் சோன் பிரேசிலில் பிறந்தவர்தான். அங்கேயே வருஷக்கணக்கில் தங்கி விளையாடிக் குடியுரிமை வாங்கினார். ஆசியான் போட்டியில் 7 கோல் அடித்துக் கிண்ணத்தையும் வாங்கிக் கொடுத்தார்.

நாங்கள் வெளியில் பிறந்தவர்களுக்கு எதிரி இல்லை. நம்ம டியோன் கூல்ஸ் பெல்ஜியத்தில் வளர்ந்தாலும் கூச்சிங்கில் பிறந்த பிள்ளை. ரோமெல் மொராலெஸ் கொலம்பியாக்காரர். இங்கேயே ஐந்து வருஷத்துக்கு மேல் ஆடி, விதிப்படி நம்ம ஆளானவர். தென் கொரியாவுக்கு எதிராக 105-ஆம் நிமிஷத்தில் அவர் அடித்த கோலை நாங்கள் இன்னும் போட்டுப் பார்க்கிறோம். நேர் வழி திறந்திருக்கும்போது எதுக்கு வேலி தாண்டணும்?

அந்தக் கொரியா ஆட்டத்தையே எடுத்துக்கோங்க. 2024 ஜனவரி 25, கத்தாரில் ஆசியக் கிண்ணம். சோன் ஹியுங் மின், லீ காங் இன் எல்லாம் இருந்த அணியோடு 3-3. நம்ம முதல் கோலை அடித்தது யார்? ஃபைசால் ஹாலிம், பினாங்குப் பையன். கோல் காவலரையே சுற்றிக்கொண்டு போய், கோணமே இல்லாத இடத்திலிருந்து உள்ளே தள்ளினான். இரண்டாவது பெனால்டி, ஆரிஃப் ஐமான். அன்றைக்கு நாம் மூலையில் ஒதுங்கி நின்று தடுக்கவில்லை. எதிராளி பந்தை எடுத்த இடத்திலேயே போய் நெருக்கினோம். பயிற்றுநர் கிம் பான் கோன் வேலையைச் சொல்லிக் கொடுத்தார், பிள்ளைகள் ஓடினார்கள். ஏழு போலித் தாத்தா யாரும் இல்லாமலே நடந்த ஆட்டம் அது.

அதற்கும் முன்னால் 2010. ராஜகோபால் சாரை மறந்துட்டோமா? அதற்கு முந்தின வருஷம் சீ விளையாட்டில் தங்கம் வாங்கிய இளம் பிள்ளைகளைத்தான் அவர் பெரும்பாலும் ஆசியான் கிண்ணத்துக்கும் கொண்டுபோனார். நம்ம குணாளன், குருசாமி இருவரும் அந்த அணியில் இருந்தவர்கள். முதல் ஆட்டமே இந்தோனேசியாவிடம் 1-5. வேற ஆளாக இருந்தால் அணியையே கலைத்திருப்பார். அவர் ஆளை மாற்ற ஓடவில்லை, ஆட்டத்தை இறுக்கினார். பின்வரிசையைக் கட்டிப்போட்டு, பந்து கிடைத்தால் இரண்டே பாஸில் முன்னால் அனுப்பு என்றார். அரையிறுதியில் இதே வியட்நாமை இங்கே 2-0, ஹனோயில் 0-0. இறுதியில் அதே இந்தோனேசியாவை புக்கிட் ஜாலிலில் 3-0. கோட்டோரமாக நோர்ஷாருல் தன்னைக் காவல் காத்தவனைச் சுற்ற வைத்துக் கொடுத்த பந்து, சாஃபி சாலி உள்ளே தள்ளியது, இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜக்கார்த்தாவில் அத்தனை ஆயிரம் பேர் நடுவில் கைருல் ஃபாஹ்மி பெனால்டியைப் பிடித்தான். மொத்தம் 4-2. கிண்ணம் நம்மது. அதை யாரும் எந்த ஆபீசில் உட்கார்ந்தும் 0-3 என்று மாற்ற முடியாது.

இன்னும் பின்னால் போனால் ஆறுமுகம். ஸ்பைடர்மேன்! 1980-இல் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல் காவலர். அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்தது, போக முடியவில்லை. ஆனாலும் நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் பேசுகிறோம். அந்தக் கதையை வைத்து 'ஓலா போலா' என்று படமே எடுத்தார்கள். போகாத ஒலிம்பிக்குக்கு இருக்கிற மரியாதை இந்த 4-0-க்கு இருக்குமா?

நம்ம சிட்டி ஸ்டேடியத்தில் 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் நினைவிருக்கா? பந்து இந்தப் பக்கம் போகிற மாதிரி போய், அந்தப் பக்கம் வளைந்து விழுந்தது. அதுக்காக ஃபிஃபா அவரை சூரிக்குக் கூப்பிட்டு புஸ்காஸ் விருது கொடுத்தது. ஆசியாவிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள் அவர். பினாங்கு ஜெர்சியில் அடித்த கோல்! அதே ஃபிஃபாவிடம் இன்றைக்கு நாம் எதுக்காகக் கூப்பிட்டனுப்பப்படுகிறோம் பாருங்க.

எங்கள் கோபத்துக்கு உண்மையான காரணம் ஒன்றுதான். ஏழு ஜெர்சி என்பது ஏழு இடம். அந்த ஏழு இடத்தில் ஆட வேண்டிய பையன் எங்கேயோ ஒரு திடலில் நின்று கொண்டிருந்தான். திடல் இருந்தால்! தோட்டம் இருந்த காலத்தில் லயத்துக்கு முன்னால் ஒரு திடல் இருக்கும். அங்கிருந்துதான் நம்மவர்கள் மாநில அணிக்கும் தேசிய அணிக்கும் வந்தார்கள். தோட்டம் போனது, திடலும் போனது, இன்று அங்கே கொண்டோ நிற்கிறது. மிஃபா என்று நம்மவர்கள் தொடங்கிய அணி பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி சூப்பர் லீக் வரை போனது. 2022-ஓடு அதுவும் லீக்கை விட்டு விலகியது. அன்றைக்கு யார் அழுதோம்? அபராதமாகக் கட்டுகிற 18 லட்சத்தில் எத்தனை தமிழ்ப்பள்ளித் திடலுக்கு விளக்குப் போடலாம், எத்தனை பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்க.

எஃப்.ஏ.எம். சி.ஏ.எஸ். விளையாட்டு நீதிமன்றத்துக்கும் போனது. தீர்ப்பு எதுவானாலும் எங்கள் கேள்வி மாறாது. யார் இந்தப் பத்திரங்களைக் கொண்டுவந்தது? பெயரைச் சொல்லுங்கள். இனி தேசிய அணிக்கு வருகிற ஒவ்வொருவரும் எந்த விதியின்படி தகுதி பெற்றார் என்பதை ஆட்டத்துக்கு முன்னாலேயே வெளியிடுங்கள். பினாங்கிலும், கெடாவிலும், பேராக்கிலும் தமிழ்ப்பள்ளித் திடல்களுக்கு ஆள் தேடி ஒரு முறையாவது வாருங்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை. "என் பையன் படிக்கணும், பந்து எதுக்கு" என்று டியூஷனுக்கு மட்டும் கார் எடுக்கிற அப்பா அம்மா, சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவனைத் திடலுக்குக் கொண்டுவிடுங்க. யுனைடெட்டா லிவர்பூலா என்று விடியற்காலை மூன்று மணி வரை சண்டை போடுகிற தம்பிகளே, பக்கத்துத் திடலில் நடக்கிற பள்ளி ஆட்டத்துக்கு ஒரு நாள் வந்து கைதட்டுங்கடா.

நாங்கள் வெறும் பேச்சோடு நிற்கப் போவதில்லை. தைப்பூச வேலை முடிந்ததும், சனிக்கிழமை தோறும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பந்துப் பயிற்சி தொடங்குகிறோம். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரும் வரலாம். பந்து, தண்ணீர், சாப்பாடு எங்கள் பொறுப்பு. கட்டணம் இல்லை. முன்பு விளையாடிய அண்ணன்மார் யாராவது சொல்லிக்கொடுக்க வந்தால் கையெடுத்துக் கும்பிடுவோம்.

பதிவு செய்ய வரும்போது பிள்ளையின் பிறப்புப் பத்திர நகல் ஒன்று கொண்டு வாங்க. பத்திரம் இல்லாத பிள்ளையையும் அழைச்சுக்கிட்டு வாங்க, கூச்சப்படாதீங்க. அவன் பாட்டுக்கு ஆடட்டும். அவனுக்குப் பத்திரம் வாங்க நாங்கள் மறுபடியும் உங்களோடு அந்தக் கவுண்டருக்கு வருகிறோம்.

பகிருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையோடு எழுதினால் பதில் உண்டு.

அன்புடன்,
கோயில் தொண்டர்கள் சிலர், ஜார்ஜ்டவுன்