விரல் நுனியில் எல்லாம் இருக்காம், விரலில் ரேகைதான் இல்லை

பட்டணத்துலேருந்து லீவுக்கு வர்ற நம்ம பசங்க ரெண்டு விதமாப் பேசுறாங்க. ஒரு கூட்டம், "எல்லாமே ஆன்லைன்ல வந்துடுச்சே மாமா, விரல் நுனியில உலகம், இன்னும் என்ன குறை?"ங்குது. இன்னொரு கூட்டம், "இந்த மிஷினு, செல்லு எல்லாத்தையும் விட்டுட்டு பழையபடி ஏர் பூட்டி நிம்மதியா இருங்க"ன்னு புத்தி சொல்லுது. ரெண்டு கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதல்ல ஏர் பூட்டச் சொல்றவங்களுக்கு. ராத்திரியில மும்முனை கரண்டு வந்தா, டார்ச் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு வரப்புல நடந்துபோய் மோட்டார் போட்ட காலம் எங்களுக்குத்தான் தெரியும். காலடியில என்ன நெளியுதுன்னு தெரியாது. இப்போ செல்போன் ஸ்டார்ட்டர் வந்துடுச்சு. திண்ணையில இருந்தபடியே போன் போட்டா மோட்டார் ஓடுது. ஆள் கிடைக்காத நேரத்துல அறுவடை மிஷின் இல்லேன்னா கதிர் வயல்லயே கொட்டிப்போகும். பட்டா, சிட்டா நகலுக்காகத் தாலுக்கா ஆபீசு வாசல்ல நாள் கணக்கா நின்ன ஜனம், இன்னிக்கு பக்கத்து டவுன் கம்ப்யூட்டர் சென்டர்ல பத்து நிமிஷத்துல எடுத்துக்கிட்டு வருது. இதெல்லாம் வேண்டாம்னு சொல்றவர் ஒரு மழைக்கால ராத்திரி வரப்புல நடந்து பார்த்துட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்குறேன்.

ஆகவே எனக்கு மிஷின் மேல கோபம் இல்லீங்க. ஆனா எனக்காக வேலை செய்யுற மிஷின் வேற, "நீ யாரு?"ன்னு என்னையே கேக்குற மிஷின் வேற. மோட்டார் ரிப்பேர் ஆனா மெக்கானிக் வருவார், பழுது மோட்டார்லன்னு எல்லாரும் ஒத்துக்குவாங்க. ரேகை வைக்கிற மிஷின் என் விரலைப் படிக்கலேன்னா, பழுது மிஷின்லன்னு ஒருத்தரும் சொல்றதில்லை. "உங்க ரேகை சரியில்லை பெரியவரே, போய்ட்டு நாளைக்கு வாங்க"ங்கறாங்க.

விரல் ரேகை ஏன் சரியில்லை? நாப்பது வருஷம் களை எடுத்த விரல் அது. சேத்துல ஊறி, கரும்புச் சோலை உரிச்சு, மண்வெட்டிப் பிடியில தேஞ்ச விரல். எங்க கடலூர் மாவட்டத்துல முந்திரிக்கொட்டை உடைக்கிற பொம்பளைங்க கையைப் பாருங்க. கொட்டையில இருக்கிற எண்ணெய் தோலையே பொசுக்கிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைச்சாலும் விரல் நுனி கறுத்து உரிஞ்சுதான் கிடக்கும். உழைச்சு உழைச்சு ரேகை போன ஜனத்துக்கிட்ட போய், நீ நீதான்னு ரேகையால நிரூபின்னு கேக்குறது எந்த ஊர் நியாயம்?

தமிழ்நாட்டு ரேஷன் கடையில 2020 அக்டோபர்லேருந்து ரேகை முறை வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஸ்மார்ட் கார்டைக் காட்டினாப் போதும், வீட்டுல யார் போனாலும் அரிசி வாங்கலாம். இப்போ ரேகை விழலேன்னா கண்ணு, கண்ணும் விழலேன்னா ஓ.டி.பி. எங்க தெருவுல தனியா இருக்கிற ஒரு ஆயாவுக்குக் கண்ணுல புரை, கையில ரேகை இல்லை, போன் மகன்கிட்ட. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவன் ஷிப்டுல இருந்தா ஓ.டி.பி.யைச் சொல்ல ஆள் கிடையாது. ஆயா முகத்தைப் பார்த்தாலே கடைக்காரருக்கு யாருன்னு தெரியும். இருபது வருஷமா அரிசி அளந்து போட்ட கை அது. தெரிஞ்சு என்ன பண்றது? அவருக்குத் தெரியறது கணக்குல வராது, மிஷினுக்குத் தெரியணும்.

திருட்டைத் தடுக்கத்தானே இதெல்லாம்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். பதிலும் நம்ம தமிழ்நாட்டுலயே இருக்கு. பி.எம். கிசான் திட்டம் 2019-ல வந்துச்சு. வருஷத்துக்கு 6,000 ரூபா, மூணு தவணையா, இடையில ஆள் இல்லாம நேரா பேங்க் கணக்குக்கே வரும். நல்ல திட்டம், நான் குறை சொல்லலை. ஆனா 2020-ல என்ன நடந்துச்சு? விவசாயியே இல்லாத லட்சக்கணக்கான பேரை இணையம் வழியாச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபா வெளியே போனதா அரசாங்கமே சொல்லுச்சு. திருடினவன் வயல்ல இறங்கினவன் இல்லை. ஆபீசர் பாஸ்வேர்டைக் கையில வச்சுக்கிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தவன். ஆனா அதுக்கப்புறம் கே.ஒய்.சி., ரேகை, முகம்னு வந்த சோதனையெல்லாம் விழுந்தது எங்க தலையில.

நூறு நாள் வேலையிலயும் இதே கதைதான். 2023 ஜனவரி 1 முதல் வேலை நடக்குற இடத்துல தினம் ரெண்டு தடவை போட்டோ எடுத்து செயலியில ஏத்தணும்னு கட்டாயம் ஆச்சு. ஏரிக்கரையில டவர் கிடைக்கலேன்னா மண்ணு சுமந்தவ கூலிக்கு யார் ஜவாப்பு? சரி, அதாவது திருட்டைத் தடுத்துச்சா? போட்டோவையே திரும்ப போட்டோ எடுத்து ஏத்துறாங்கன்னு 2025 ஜூலையில ஒன்றிய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டுச்சு. கள்ளன் செயலியைத் தாண்டிப் போயிட்டான். வெயில்ல நின்னவதான் சிக்னலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறா.

இது ஏதோ சின்ன அசௌகரியம்னு நினைச்சுடாதீங்க. 2017-ல ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்துல 11 வயசுப் பொண்ணு ஒண்ணு செத்துப்போச்சு. ஆதாரோட இணைக்கலைன்னு அந்தக் குடும்பத்து ரேஷன் கார்டை நீக்கியிருந்தாங்க. காய்ச்சல்ல செத்துச்சுன்னு அதிகாரிங்க சொன்னாங்க, பசியில செத்துச்சுன்னு பெத்தவ சொன்னா. நான் பெத்தவ பக்கம். அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஆதார் வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னப்போ, ரேகை பொருந்தலைங்கறதுக்காக உரியவங்களுக்குக் கிடைக்க வேண்டியதை மறுக்கக் கூடாதுங்கறதையும் சேர்த்துத்தான் சொல்லுச்சு. அந்தத் தீர்ப்பு டில்லியிலேருந்து எங்க ரேஷன் கடைக்கு இன்னும் வந்து சேரலை.

எங்க கோரிக்கை பெருசா ஒண்ணும் இல்லை. ஒண்ணு, மிஷின் படிக்கலேன்னா நோட்டுல கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கிட்டு அங்கேயே அப்பவே கொடுக்க, அந்த இடத்துல இருக்கிற ஆளுக்கு அதிகாரம் வேணும். வயசானவங்களுக்குப் பதிலா வேற ஆள் ரேஷன் வாங்க ஒரு படிவம் இருக்குதான். அந்தப் படிவத்துக்கு அலையறதுக்கும் அதே வயசானவங்கதான் வேண்டியிருக்கு. ரெண்டு, இல்லைன்னு சொல்ற மிஷின், ஏன் இல்லைன்னு தமிழ்ல ஒரு சீட்டு அடிச்சுக் கொடுக்கணும். சீட்டு இருந்தா நாங்க கலெக்டர் ஆபீசு மனுநாள்ல போய்க் கேப்போம். மூணு, செயலி வேலை செய்யாத நாளுக்கும் கூலி உண்டுன்னு எழுதி வைக்கணும். பழுது யார் பொருள்லயோ நட்டமும் அவங்களுக்கே.

வயசானவங்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொண்டுவந்து கொடுக்க 2025 ஆகஸ்டுல தாயுமானவர் திட்டம் வந்துச்சு. பாராட்டுறேன். ஆளைத் தேடி ஆள் வரணும்ங்கறது அரசாங்கத்துக்கும் புரிஞ்சிருக்கு. ஆனா அந்த வயசு ஆகாதவங்க விரலும் தேஞ்சுதானே இருக்கு? எனக்கே அம்பது தாண்டி சில வருஷம்தான் ஆகுது, கட்டைவிரல் மூணாவது தடவைதான் விழுது.

கடைசியா ஒரு வார்த்தை. இந்தச் செயலி, சாப்ட்வேர் எல்லாம் செய்யுற ஆபீசுல இதைப் படிக்கிற உங்கள்ல சில பேர் வேலை பார்ப்பீங்க. நிறைய பேர் எங்க ஊரு மாதிரி ஊருலேருந்து போன பிள்ளைங்கதான். ஏ.சி. ரூம்ல உங்க விரலை வச்சுப் பார்த்துட்டு, நல்லா வேலை செய்யுதுன்னு அனுப்பிடாதீங்க. தை மாசம் அறுப்பு முடிஞ்ச கையோட ஊருக்கு வாங்க. களத்துமேட்டுல நிக்கிற உங்க அப்பத்தா கையைப் பிடிச்சு அந்த மிஷின்ல வச்சுப் பாருங்க. விழலேன்னா திருத்த வேண்டியது அப்பத்தா விரலை இல்லைப்பா.