பிடிப்பது தானாக, கொடுப்பது மனுப்போட்டா?

களத்துமேட்டில் கணக்குப்பிள்ளை நெல் அளக்கிறார். அளந்ததை ஏட்டில் குறித்துக் கொள்கிறார். பண்ணையாரின் பங்கை அப்போதே வண்டியில் ஏற்றி அனுப்பியும் விடுகிறார். எல்லாம் முடிந்தபின் உழவனை அழைத்து, "நான் எத்தனை மரக்கால் அளந்தேன், எத்தனை மரக்கால் எடுத்தேன் என்பதை நீ எழுதிக் கொண்டு வா. தவறாக எழுதினால் அபராதம்!" என்கிறார். உழவன் திகைத்து நிற்கிறான். "எழுதத் தெரியாதா? அதோ திண்ணையில் மனு எழுதுகிறவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கூலி கொடுத்து எழுதி வாங்கி வா" என்கிறார்.

இப்படியும் ஓர் அநியாயம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு! ஏதோ ஒரு பழைய ஜமீனில் அன்று. உலகின் செல்வச் சீமை என்று தன்னைத்தானே புகழ்ந்து கொள்ளும் அமெரிக்க ஐக்கிய நாட்டில், ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் இதுதான் நடக்கிறது. அதற்குப் பெயர் வருமான வரிக் கணக்குத் தாக்கல்.

அந்நாட்டுத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து வரியைப் பிடித்துக் கொண்டு மீதியைக் கையில் கொடுக்கும் முறை 1943ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொது வழக்காயிற்று. எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்பதை முதலாளி அரசாங்கத்துக்கு எழுதி அனுப்புகிறார். வங்கி வட்டிக் கணக்கை அனுப்புகிறது. கம்பெனி பங்காதாயக் கணக்கை அனுப்புகிறது. ஆகக் கூலிக்காரனின் வருவாய் முழுவதும் சர்க்காரின் ஏட்டில் ஏறிவிடுகிறது. அதன் பிறகும், அதே எண்களை அதே சர்க்காருக்கு அவன் மீண்டும் எழுதிக் கொடுத்தாக வேண்டும்! இதற்காக ஒரு குடிமகன் சராசரியாக 13 மணி நேரமும் 200 டாலருக்கு மேற்பட்ட பணமும் செலவிடுகிறான் என்பது அந்நாட்டு வரித்துறையே படிவத்தோடு சேர்த்து அச்சிட்டுத் தரும் மதிப்பீடு.

வேறு வழியே இல்லையா? பிற நாடுகளைப் பாருங்கள்.

டென்மார்க்கில் 1988ஆம் ஆண்டு முதலே சர்க்கார் கணக்கைத் தானே எழுதிக் குடிமகனுக்கு அனுப்புகிறது. சரியாக இருந்தால் ஏற்றுக் கொள்ளலாம். பிழை இருந்தால் திருத்தலாம். ஸ்வீடனில் கைப்பேசி வழியாகவே ஒப்புதல் தெரிவிக்கலாம். எஸ்டோனியா என்ற சிறு நாட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்து மின்வழித் தாக்கல் நடக்கிறது. முன்நிரப்பிய கணக்கைப் பார்த்து முடிக்கப் பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களே ஆகின்றன. பிரிட்டனில் 1944 முதல் சம்பளத்திலேயே வரியைச் சரிக்கட்டி விடுவதால், தொழிலாளரில் பெரும்பாலோர் கணக்குத் தாக்கல் என்ற ஒன்றையே அறியார். ஜப்பானில் ஆண்டின் இறுதிச் சம்பளத்தோடு முதலாளியே கூட்டல் கழித்தல் பார்த்து முடித்து விடுகிறார். பிரான்சில் 2020 முதல், மாற்றம் ஏதும் இல்லாதவர்கள் வாளாவிருந்தாலே கணக்குத் தாக்கல் செய்ததாகக் கொள்ளப்படுகிறது. நியூசிலாந்தில் 2019 முதல் சம்பளக்காரரின் கணக்கை வரித்துறையே தீர்த்து, அதிகம் பிடித்திருந்தால் வங்கிக் கணக்கில் திருப்பிப் போடுகிறது.

இவற்றில் எதுவும் பொதுவுடைமை நாடு அன்று. எல்லாம் முதலாளித்துவ நாடுகளே. அங்கே முடிந்தது அமெரிக்காவில் ஏன் முடியவில்லை? அறிவு போதவில்லையா? இயந்திரம் இல்லையா? சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாட்டுக்கு ஒரு சம்பளக்காரனின் கணக்கைக் கூட்டத் தெரியாதா? அந்நாட்டு வரிப் பதிவுகளை வைத்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, கையிலுள்ள தகவல்களைக் கொண்டே 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கணக்குகளைச் சர்க்காரால் சரியாக நிரப்பிவிட முடியும் என்று கண்டது. எண்ணிக்கையில் அது 6 கோடிக்கும் மேல்!

எண்ணம் கூடப் புதியதன்று. குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் 1985இல் முன்வைத்த வரித் திட்டத்திலேயே, மக்களில் பாதிப்பேருக்கு மேல் படிவம் நிரப்பத் தேவையில்லாத நாள் வரும் என்று கூறப்பட்டது. 1998இல் நிறைவேறிய சட்டம், 2007க்குப் பிந்திய ஆண்டுகளுக்குப் படிவமில்லா வரி முறையை வகுக்குமாறு கருவூல அமைச்சருக்கு ஆணையிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அந்த முறை எங்கே?

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரைத் திரும்பிப் பாருங்கள், தோழர்களே! அங்கே இருக்கிறது விடை.

படிவம் நிரப்பிக் கொடுப்பது அமெரிக்காவில் பெரும் வணிகம். மக்கள் குழம்பும் வரையில்தான் அந்தக் கடை நடக்கும். இன்டியூட் என்னும் நிறுவனம் டர்போடாக்ஸ் என்ற பெயரிலும், எச் அண்ட் ஆர் பிளாக் தன் பெயரிலும் அந்தக் கடையை விரித்துள்ளன. 2002இல் வரித்துறைக்கும் இத்தகைய நிறுவனங்களின் கூட்டணிக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. குறைந்த வருவாயினருக்கு நாங்கள் இலவசமாகச் செய்து தருகிறோம் என்றன கம்பெனிகள். அப்படியானால் நான் இந்தத் துறையில் இறங்கமாட்டேன் என்று வாக்களித்தது சர்க்கார். தன் குடிமக்களுக்குத் தான் தொண்டு செய்யமாட்டேன் என்று ஓர் அரசாங்கம் வணிகனுக்கு எழுதிக் கொடுத்த விந்தையை என்னென்பது!

அந்த இலவசம் எப்படி நடந்தது? இலவசத் தாக்கலுக்குத் தகுதி பெற்றிருந்தும் பணம் கட்டியிருக்கக் கூடியவர்கள் 2019ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் என்று அரசாங்கத்தின் சொந்தத் தணிக்கை அறிக்கை 2020இல் கூறிற்று. இலவசம் என்று விளம்பரம் செய்து ஏழைகளைக் கட்டண வாசலுக்குத் திருப்பியது என்ற குற்றச்சாட்டின் மேல், 50 மாநிலங்களோடும் 2022இல் சமரசம் செய்து கொண்டது இன்டியூட். தவற்றை ஒப்புக் கொள்ளாமலே 14 கோடியே 10 லட்சம் டாலர் கொடுக்க இசைந்தது. சுமார் 44 லட்சம் பேருக்கு அது பங்கிடப்பட்டது.

கலிபோர்னியா மாநிலம் 2005இல் முன்நிரப்பிய படிவத்தை ஒரு வெள்ளோட்டமாக நடத்திப் பார்த்தது. பயன்படுத்தியவர்கள் மகிழ்ந்தார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ஜோசப் பேங்க்மன் அதற்காக வாதாடினார். கம்பெனி என்ன செய்தது? 2006இல் மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கான தேர்தலில், அத்திட்டத்தை ஆதரித்த ஜான் சியாங்குக்கு எதிராக நின்றவருக்கு ஆதரவாக இன்டியூட் 10 லட்சம் டாலர் இறைத்தது. சியாங் வென்றார். ஆனால் வரிப் படிவம் ஒன்றுக்காகத் தேர்தலிலேயே பணத்தைக் கொட்டுகிறார்கள் என்றால், அந்தப் படிவத்தில் அவர்களுக்கு எவ்வளவு ஆதாயம் இருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

சர்க்கார் இறங்கமாட்டேன் என்ற வாக்குறுதி 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. பின்னர் வரித்துறை தானே இலவசத் தாக்கல் வசதி ஒன்றை அமைத்து, 2024இல் 12 மாநிலங்களில் திறந்தது. 1,40,803 பேர் அதன் வழியே கணக்குத் தாக்கல் செய்தனர். கருத்துக் கேட்டபோது விடையளித்தவர்களில் 90 விழுக்காட்டினர் அதைச் சிறப்பு என்றோ நன்று என்றோ பாராட்டினர். 2025இல் 25 மாநிலங்களுக்கு விரிந்தது. ஏறக்குறைய 3 லட்சம் பேர் பயன்படுத்தினர். வளர்ந்த பயிரை யார் அறுத்தார்கள்? ட்ரம்ப் ஆட்சி அறுத்தது! 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அந்த வசதி கிடையாது என்று 2025 நவம்பரில் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது வரித்துறை.

இதை எதிர்ப்போர் சொல்லும் வாதங்களையும் கேட்போம்.

"வரி கட்டுவது வலிக்க வேண்டும், வலித்தால்தான் மக்கள் வரியை எதிர்ப்பார்கள்" என்கிறது ஒரு கூட்டம். எவனுக்கு வலிக்கிறது? கோடீசுவரனிடம் கணக்கர் பட்டாளம் இருக்கிறது. அவன் விரல் கூட நோகாது. வலிப்பது மாதச் சம்பளக்காரனுக்கு. ஏழைத் தொழிலாளிக்கென 1975இல் ஏற்படுத்திய வருவாய்ச் சலுகையை, தகுதியுள்ளவர்களில் ஐவருக்கு ஒருவர் பெறாமலே போகிறார்கள். படிவம் போட்டால்தான் பணம் வரும் என்பது அதற்கு ஒரு பெருங்காரணம். பிடிப்பது தானாக, கொடுப்பது மட்டும் மனுப்போட்டா? இதுதான் இந்தப் பிரச்சினையின் உயிர்நாடி.

"வரி வாங்குகிறவனே கணக்கும் எழுதினால் தனக்குச் சாதகமாக எழுதிக் கொள்வானே" என்பது இன்னொரு வாதம். இதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். இதில் உண்மையின் சாயல் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2016இல் வலதுசாரி ஆட்சி என்ன செய்தது? உதவித்தொகை பெற்ற ஏழைகளின் ஆண்டு வருமானத்தை வரித்துறை ஏட்டிலிருந்து எடுத்து, இரு வாரங்களுக்கு ஒரு பங்காகச் சராசரி போட்டு, நீ கூடுதலாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு என்று இயந்திரத்தின் மூலம் கடிதம் அனுப்பிற்று. இல்லை என்று நிரூபிக்கும் சுமை ஏழையின் தலையில்! ரோபோடெட் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். 2019இல் நீதிமன்றத்தில் அது சட்டவிரோதம் என்றாயிற்று. சுமார் 4,70,000 கடன்களுக்காக 72 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக 2020இல் சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது.

ஆகவே சர்க்காரின் இயந்திரம் எழுதியதெல்லாம் வேதவாக்கு என்று நாம் சொல்லவில்லை. டென்மார்க்கில் சர்க்கார் எழுதிக் காட்டுகிறது. குடிமகன் பார்த்துத் திருத்துகிறான். ஆஸ்திரேலியாவில் சர்க்கார் எழுதித் தலையில் அடித்தது. இயந்திரம் ஒன்றே. அது எவர் பக்கம் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. வணிகனின் கையிலிருந்து படிவத்தை மீட்பதோடு, திருத்தும் உரிமையைக் குடிமகன் கையில் கொடுக்கவும் வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் வரித்துறையின் தளத்தில் கட்டணமின்றியே தாக்கல் செய்யலாம். சம்பளம், வட்டி, பங்காதாயம் முதலியவை முன்நிரப்பப்பட்டு வருகின்றன. 2021 நவம்பரில் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கையில், இந்தப் பதிவு தவறு என்று குடிமகன் குறிப்பு எழுதவும் இடமுண்டு. இந்த அளவில் அமெரிக்காவைவிட நாம் முன்னேதான் நிற்கிறோம்! இதை ஒப்புக் கொள்வதில் நமக்குத் தயக்கமில்லை.

"எங்கள் ஊர் உழைப்பாளரில் பெரும்பாலோர் வருமான வரி வரம்புக்கே வராதவர்கள், எங்களுக்கு ஏன் இந்தக் கதை?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வரிப் படிவத்தில் நடப்பதுதான் முதியோர் உதவித்தொகைச் சாளரத்திலும், சாதிச் சான்றிதழ் வாங்கும் அலுவலகத்திலும் நடக்கிறது. தன் ஏட்டிலேயே உள்ளதைச் சர்க்கார் மக்களிடம் மீண்டும் கேட்கிறது. கேட்கும் இடத்திலெல்லாம் ஒரு தரகன் முளைக்கிறான். தரகன் கொழுத்தபின், கேள்வியை நிறுத்தவிடாமல் அவனே காவல் நிற்கிறான்.

ஆதலால் தோழர்களே, நம் முழக்கம் மூன்று. சர்க்காருக்குத் தெரிந்ததை மக்களிடம் மீண்டும் கேட்காதே! சர்க்கார் எழுதியதைத் திருத்தும் உரிமையை மக்களிடமிருந்து பறிக்காதே! பிழை நேர்ந்தால் மெய்ப்பிக்கும் சுமையை ஏழையின் தலையில் ஏற்றாதே!

களத்தில் அளந்தவன் கணக்கைச் சொல்லட்டும். உழைத்தவன் அதைச் சரிபார்க்கட்டும். இடையிலே திண்ணையில் கடை விரித்திருப்பவன் எழுந்து போகட்டும்!